தொப்பிக்கு ஒரு குறிப்புத்தாள்

செய்தி வந்தபோது காலை பதினொன்று இருபது. கல்லூரி நூலகத்தில் புதிதாக வந்த புத்தகங்களின் முதுகில் எண் எழுதிக்கொண்டிருந்தேன். கம்பளி நூல் கடை முதலாளியின் எண் கைபேசியில் தெரிந்ததும், அக்கா தன்னுடையதை வீட்டில் மறந்துவிட்டு அவருடையதிலிருந்து கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன். வாரத்துக்கு ஒருமுறையாவது அப்படி நடக்கும். "சொல்லுக்கா" என்றேன்.

"தம்பி, அக்கா பின்னறையில பெட்டி பிரிச்சுக்கிட்டு இருந்தாங்க. முடியலன்னு உட்கார்ந்தாங்க. அப்புறம் எழுந்திரிக்கல" என்றார் முதலாளி.

எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டேன். சொன்னார். கூடவே, "வண்டிய மெதுவா ஓட்டிக்கிட்டு வாங்க, அவசரமில்ல" என்றும் சொன்னார். அந்தக் கடைசி வார்த்தையில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கையிலிருந்த பேனாவை மூடி வைத்துவிட்டுப் புறப்பட்டேன்.

அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயது. அதில் இருபத்தேழு வருடம் அந்தக் கடையில் கழிந்தது. ஓர் அறையளவு அகலமும் ரயில் பெட்டியளவு நீளமும் கொண்ட கடை அது. இரண்டு பக்கமும் கூரை வரை நூல் பந்துகள். முன்னால் கண்ணாடி மேசை, அதற்குள் நீளவாரியாக அடுக்கிய பின்னல் ஊசிகள். மேசையின் ஓரத்தில் ஒரு தொலைபேசி, அதன் பக்கத்தில் மெத்தை பிய்ந்த ஒரு நாற்காலி. மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை அந்த நாற்காலி அக்காவுடையது. பின்னலில் சந்தேகம் உள்ள எவரும் அந்த நேரத்தில் போன் செய்யலாம், நேரில் வரலாம், அவர்கள் கடையில் நூல் வாங்கியிருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. மற்ற நேரமெல்லாம் அவள் ஏணியில் ஏறி நூல் எடுத்துக் கொடுக்கும் சாதாரண விற்பனைப் பெண்தான். இரண்டு மணி அடித்தால் வேறு ஆள். முதுகு நிமிர்ந்துவிடும்.

பள்ளியில் கணக்கில் மூன்று முறை தோற்றவள் அக்கா. மூன்றாம் முறை வட்டத்தின் சுற்றளவு கேட்ட கேள்வியில் போயிற்று என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். பிறகு வாழ்க்கை முழுக்கச் சுற்றளவோடுதான் குடித்தனம். பேருந்தில் முன் இருக்கைக்காரரின் தலையைப் பார்த்து, "ஐம்பத்தேழு, ஐம்பத்தெட்டு செண்டிமீட்டர் இருக்கும்" என்று என் காதில் சொல்வாள். மாமா, அதாவது அவளுடைய கணவர், அவளுக்கு வைத்த பெயரே சுத்தளவு. "சுத்தளவு, காபி இருக்கா?" என்றுதான் வேலையிலிருந்து வந்ததும் கேட்பார். அவர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். அவர்களுக்குக் குழந்தைகள் இல்லை. இரண்டு பேர் இருக்கும் வீட்டில் எப்போதும் நான்கு பேரின் பேச்சு கேட்கும்.

கல்லூரி விடுமுறை நாட்களில் நான் கடைக்குப் போய் அவள் பதில் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். ஆரம்பத்தில் எனக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது. ஓர் ஊசியின் நீளத்துக்கு இருபது நிமிடம் பேச்சா என்று ஒருநாள் கேட்டும்விட்டேன். அவள் கோபப்படவில்லை. "உங்க லைப்ரரில ஒருத்தர் வந்து புத்தகம் வேணும்னா, எந்தப் புத்தகம்னு கேக்க மாட்டியா?" என்றாள்.

அவள் முதலில் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: எதைச் சுற்றிப் போடப் போகிறீர்கள்? தலையா, கழுத்தா, உடம்பா. வட்ட ஊசி என்பது இரண்டு குட்டி ஊசிகளை ஒரு மெல்லிய கம்பியால் இணைத்தது. அதில் தையல் இல்லாமல் குழாய் போலச் சுற்றிச் சுற்றிப் பின்னலாம். புதிதாக வருபவர்கள் எல்லோரும் நீளமான ஊசியைத்தான் கேட்பார்கள். பெரிதாக வாங்கி வைத்தால் எல்லாவற்றுக்கும் ஆகும் என்று நினைப்பு. அக்கா தலையை ஆட்டுவாள். பின்னுகிற பொருளைவிட ஊசி சின்னதாக இருந்தால் கண்ணிகள், அதாவது ஊசியில் ஏறி நிற்கும் நூல் வளையங்கள், கொஞ்சம் நெருக்கியடித்து நிற்கும், அவ்வளவுதான். ஊசி பெரிதாக இருந்தால் முதல் கண்ணிக்கும் கடைசிக் கண்ணிக்கும் கை எட்டாது. பத்துப் பேர் கைகோத்து ஒரு விளையாட்டு மைதானத்தைச் சுற்றி நிற்க முடியுமா என்று கேட்பாள். கேட்டவர்கள் நாற்பது செண்டிமீட்டர் ஊசியை வாங்கிக்கொண்டு போவார்கள்.

அடுத்தது பின்னாமல் மாற்றும் கண்ணி. ஒரு கண்ணியைப் பின்னாமல் அப்படியே இடது ஊசியிலிருந்து வலது ஊசிக்கு மாற்றிவிடுவது. கேட்க எளிது. ஆனால் அதில்தான் பாதிப் பேர் தடுக்கி விழுந்தார்கள். ஊசியை எந்தப் பக்கமிருந்து நுழைப்பது, நூல் அப்போது முன்னால் இருக்க வேண்டுமா பின்னாலா என்று குழம்புவார்கள். ஓய்வுபெற்ற காவலாளி ஒருவர் வாரந்தோறும் போன் செய்து, வீட்டில் கேட்கச் சொன்னார்கள் என்று ஆரம்பிப்பார். ஒருநாள் அக்கா பொறுமையாக, "வீட்ல அவங்க கைல ஊசி இருக்கா, உங்க கைல இருக்கா?" என்று கேட்டாள். அந்தப் பக்கம் ஒரு கதவு மூடும் சத்தம். பிறகு, "என் கைலதான்" என்றார் அவர். "அப்ப சொல்றேன் கேளுங்க. அந்தக் கண்ணி வந்த மாதிரியே போகணும், திரும்பி நிக்கக் கூடாது. துணியோட முகம் உங்களப் பாக்குதா? அப்போ நூல் முதுகுப் பக்கம். இறுக்கி இழுக்காதீங்க, அது மூச்சு விடட்டும்." அதன்பிறகு அவர் வீட்டைப் பற்றிப் பேசியதே இல்லை.

சில மாதங்களுக்கு முன் முதலாளி ஒரு யோசனை சொன்னார். போனில் சொல்வதையே எழுதி அச்சடித்தால் என்ன, இரண்டு நூல் பந்து வாங்குபவர்களுக்கு ஒரு தாள் இலவசமாகக் கொடுக்கலாமே என்றார். அக்கா ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை, அத்தனை சந்தோஷம். பிள்ளைகளுக்கான தொப்பி ஒன்றை எடுத்துக்கொண்டாள். தொண்ணூற்றாறு கண்ணிகள். ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றில் ஒவ்வொரு நாலாவது கண்ணியையும் பின்னாமல் மாற்ற வேண்டும். அப்படிச் செய்தால் தொப்பி நெடுக மெல்லிய வரம்புகள் எழுந்து நிற்கும். ஒரு பக்கத் தாளில் எழுதினாள், நான் தட்டச்சு செய்து கொடுத்தேன். அச்சுக்குப் போவதற்கு முன் அந்தத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வரி வரியாகப் படித்து ஒரு தொப்பி பின்னிப் பார்த்தாள். சரியாக வந்தது. ஐந்நூறு தாள் அச்சாயிற்று.

முதலில் வந்தது பள்ளிப் பேருந்து ஓட்டும் ஒரு பெண். கையில் ஒரு பை. பையிலிருந்து ஒரு தொப்பியை எடுத்து மேசையில் வைத்தார். வரம்புகள் இருக்க வேண்டிய இடமெல்லாம் குறுக்கே நூல் கோடுகள் ஓடின, எவரோ பென்சிலால் அடித்துத் திருத்தியதுபோல. அளவும் சுருங்கி ஒரு பெரிய ஆரஞ்சுப் பழத்துக்குத்தான் ஆகும். "எண்பது செண்டிமீட்டர் ஊசின்னு போட்டிருந்தீங்க. வட்டமா சேரவே இல்ல. இழுத்து இழுத்துக் கை வலிச்சதுதான் மிச்சம். கடைசில எங்க பக்கத்து வீட்டுக்காரம்மாகிட்ட வேற ஊசி கடன் வாங்கிப் போட்டேன். என் பொண்ணு இத பொம்மைக்கு மாட்டி விட்டா" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் அக்காவுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அடுத்த இரண்டு வாரத்தில் பதினொரு பேர் வந்தார்கள். அனைவரும் ஒரே மாதிரித் தொப்பியோடு.

அக்கா மறுபடி தாளைப் பார்த்துப் பின்னினாள். சரியாக வந்தது. இன்னொரு முறை பின்னினாள். அதுவும் சரி. ஞாயிற்றுக்கிழமை என்னை வீட்டுக்கு வரச் சொல்லி, ஒவ்வொரு வரியாக உரக்கப் படிக்கச் சொன்னாள். நீ படிக்கிறதை மட்டும்தான் நான் செய்வேன், அதற்கு மேல் செய்யமாட்டேன் என்றாள். "நாலாவது கண்ணியைப் பின்னாமல் மாற்றவும்" என்று படித்தேன். நான் முடிப்பதற்குள் அவளுடைய சுட்டுவிரல் நூலைப் பின்னால் தள்ளிவிட்டிருந்தது. கண்ணி நேராகப் போயிற்று, நூல் தளர்வாக அதன் முதுகில் கிடந்தது. தாளில் அதில் ஒன்றுகூட இல்லை. அக்கா தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டேய், நீ சொல்லாததையும் என் கை செய்யுதுடா" என்றாள்.

ஊசியும் அப்படித்தான். நீளமான ஊசியின் கம்பியை இரண்டு கண்ணிகளுக்கு நடுவே வளையமாக வெளியே இழுத்துவிட்டால் எவ்வளவு சின்ன வட்டத்தையும் அதிலேயே பின்னலாம். அவள் இருபது வருடமாக அப்படித்தான் செய்கிறாள், அதனால் தன்னை அறியாமல் எண்பது என்று எழுதிவிட்டாள். போனில் கேட்டிருந்தால் நாற்பது என்று சொல்லியிருப்பாள். பேனாவைப் பிடித்தபோது அவளுடைய வாய் எழுதவில்லை, கை எழுதியிருக்கிறது.

முதலாளி நல்ல மனிதர். மிச்சமிருந்த தாள்களைக் கட்டி உள்ளே வைத்தார். அக்காவைக் கூப்பிட்டு, கொஞ்ச நாளைக்குக் கேள்வி நேரம் வேண்டாம் என்றார். கடையின் பெயரில் தப்பான தாள் போய்விட்டது, அடுத்து போனில் எது சொன்னாலும் சந்தேகப்படுவார்கள் என்பது அவர் வாதம். "உங்க கை நல்ல கைம்மா. அத நம்பித்தான் அச்சடிச்சேன். ஆனா கைய அச்சடிக்க முடியலையே" என்றாராம். தொலைபேசியை அவர் தன் மேசைக்கு மாற்றிக்கொண்டார். அக்காவைப் பின்னறையில் நூல் பெட்டி பிரிக்கச் சொன்னார். இரண்டு மணிக்குத் தொலைபேசி அடிப்பது பின்னறை வரை கேட்கும். முதலாளி எடுத்து, இப்போது சொல்ல ஆள் இல்லை என்பார்.

அவளுக்குச் சம்பளம் குறையவில்லை, வேலையும் போகவில்லை. அந்த இரண்டு மணி நேரம்தான் போயிற்று. பெரிதாக எடுத்துக்கொள்ளாதே என்று நான் ஆறுதல் சொன்னேன். மாமா மட்டும் ஆறுதல் சொல்லவில்லை. "போய்க் கேளு, என்ன செஞ்சா நாற்காலி திரும்பக் கெடைக்கும்னு" என்றார். அவள் போய்க் கேட்டாள். முதலாளி யோசித்துவிட்டு, ஊசியே பிடித்திராத ஒருவர் அந்தத் தாளை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு தொப்பி போட்டுக் காட்டட்டும், புது நூல் வரத்து வருவதற்குள் கொண்டுவந்தால் மறுபடி அச்சடிக்கிறேன், நாற்காலியும் உங்களுக்கு என்றார்.

ஊசியே பிடித்திராத ஆளைத் தேட வேண்டியிருக்கவில்லை. வீட்டிலேயே இருந்தார்.

அக்கா தாளைப் புதிதாக எழுதினாள். மாமா வேலையிலிருந்து வந்து கை கழுவி, விரலிடுக்கில் கிரீஸ் போகவில்லை என்று அவள் மறுபடி கழுவ அனுப்பி, ஏழு மணிவாக்கில் இருவரும் சாப்பாட்டு மேசையில் உட்காருவார்கள். அவள் கையில் ஒரு நோட்டு. விதி ஒன்றுதான். அவள் ஊசியைத் தொடக் கூடாது, பதிலும் சொல்லக் கூடாது. அவர் எங்கே நின்று கேள்வி கேட்கிறாரோ அங்கே தாளில் ஒரு வரி குறைகிறது என்று அர்த்தம். அந்தக் கேள்வியை நோட்டில் எழுதிக்கொண்டு, மறுநாள் அதற்கான வரியைத் தாளில் சேர்ப்பாள். அவர் அதைப் படித்துத் தொடர்வார்.

பேருந்து எஞ்சின் கையேட்டைப் படிப்பவர் அவர். போட்டிருப்பதைச் செய்வார், போடாததைச் செய்யமாட்டார். முதல் நாள், "வட்டமாக இணைக்கவும்" என்ற வரியைப் படித்துவிட்டு இரண்டு முனைகளையும் சேர்த்து ஒரு முடிச்சுப் போட்டார். நான் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்காமல் எழுதிக்கொண்டாள். ஒரு சுற்று எங்கே முடிகிறது என்று எப்படித் தெரியும் என்று கேட்டார். அதையும் எழுதினாள். மறுநாள், "சுற்றின் தொடக்கத்தில் ஓர் அடையாள வளையம் மாட்டவும்" என்று வரி வந்திருந்தது. அவர் சட்டைப் பையில் கைவிட்டு ஒரு வாஷரை எடுத்து ஊசியில் மாட்டினார்.

மிகவும் சிரமப்பட்டது மூன்றாம் வாரம். கண்ணிகள் ஊசியில் முறுக்கிக்கொண்டிருந்ததைக் கவனிக்காமல் அவர் இணைத்துவிட்டார். அப்படி இணைத்தால் எத்தனை சுற்றுப் பின்னினாலும் தொப்பியாகாது, முறுக்கிய பட்டை ஒன்றுதான் வரும். அக்காவுக்கு முதல் சுற்றிலேயே தெரிந்துவிட்டது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். அவர் ஐந்து சுற்று முடித்துவிட்டு மேசையில் விரித்தபோதுதான் கோளாறு தெரிந்தது.

"தெரிஞ்சே அஞ்சு சுத்து விட்டியா?" என்றார்.

"நீங்க கேக்கல."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பியா?"

"மாட்டேன். எழுதிக்குவேன்."

அவர் என்னைப் பார்த்தார். "மாப்ளே, முப்பது வருஷமா நான் பேசறத இவ இவ்வளவு ஒழுங்கா கேட்டதே இல்ல. ஊசிய முன்னாடியே எடுத்திருக்கணும்" என்றார். அக்கா அதற்கும் சிரிக்கவில்லை, ஆனால் அன்று அவருக்கு இரண்டாவது காபி கிடைத்தது.

நாலாவது கண்ணியை மாற்றும் இடம் வந்தபோது நானும் போயிருந்தேன். அக்கா நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டு அவர் கையையே பார்த்தாள். தாளில் இப்போது நான்கு வரிகள் இருந்தன: ஊசியை வலப்பக்கமிருந்து நுழைக்க வேண்டும், கண்ணி திரும்பக் கூடாது, நூல் பின்னால் இருக்க வேண்டும், அடுத்த கண்ணியைப் பின்னும்போது இறுக்கி இழுக்கக் கூடாது. மாமா ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படித்து, பெரிய விரல்களால் மெதுவாகச் செய்தார். ஒரு சுற்று முடிய இருபது நிமிடம் ஆயிற்று. கேள்வி எதுவும் கேட்கவில்லை. எட்டுச் சுற்றுக்குப் பிறகு துணியில் வரம்பு எழுந்து தெரிந்தது. அவர் அதைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். "நட்டுக்குள்ள இருக்கற மரை மாதிரி இருக்கு" என்றார். அக்கா எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள். திரும்பி வர நேரமாயிற்று. வந்தபோது முகம் கழுவியிருந்தாள்.

ஏழாவது வாரம் உச்சி வந்தது. தொப்பியின் மேல்பக்கம் குறுக வேண்டும், அதனால் ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றில் எட்டு எட்டுக் கண்ணிகளாகக் குறைத்துக்கொண்டே போக வேண்டும். திங்கள்கிழமை சாயங்காலம் நான் அங்கே இல்லை, மாமா சொல்லித்தான் தெரியும். எழுபத்திரண்டு கண்ணிகள் இருந்தவரை தாங்கியது. அறுபத்து நாலில் இழுத்தது. ஐம்பத்தாறானதும் முதல் கண்ணியும் கடைசிக் கண்ணியும் சேரவே இல்லை, நாற்பது செண்டிமீட்டர் ஊசியே பெரிதாகிவிட்டது.

"இனி சுத்தி வர மாட்டேங்குது. என்ன பண்ணணும்?" என்று கேட்டாராம்.

அக்கா சிரித்தாளாம். ஏழு வாரத்தில் முதல் முறையாக விதியை மீறப் போகிறவள் மாதிரி வாயைத் திறந்து, மூடிக்கொண்டாளாம். கேள்வியை நோட்டில் எழுதினாள். கடைசிக் கேள்வி இதுதான், நாளைக்கு எழுதித் தந்துவிடுகிறேன் என்றாள். இரண்டு நாளில் தொப்பியை முதலாளியிடம் காட்டிவிடலாம் என்று கணக்கும் போட்டார்கள். மறுநாள் செவ்வாய்க்கிழமை. புது நூல் வரத்தின் முதல் பெட்டிகள் அன்றுதான் வந்தன. அவற்றைப் பிரித்துக்கொண்டிருக்கும்போதுதான் அவள் உட்கார்ந்தாள்.

காரியமெல்லாம் முடிந்து நான்காம் நாள் முதலாளி வீட்டுக்கு வந்தார். நாற்காலியில் ஓரமாக உட்கார்ந்து, கைக்குட்டையை மடித்துக்கொண்டே பேசினார். அந்த நோட்டையும் தாளையும் கொடுத்தால் உடனே அச்சடித்துவிடுகிறேன், அவள் பெயரைக் கீழே போடுகிறேன் என்றார். அவர் மனதார வருந்தினார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கேள்வி நேரத்தை நிறுத்தியது தப்பு என்றும் ஒரு தடவை சொன்னார்.

மாமா தாளை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தார். "முடியலைங்க. உச்சில ஒரு வரி இல்ல" என்றார்.

அந்த ஒரு வரியை நாமே எழுதிவிடலாம், கடைக்கு வருகிறவர்களில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள் என்றார் முதலாளி. பதில் எனக்கும் தெரியும். நீளமான ஊசிக்கு மாறி, கம்பியை நடுவில் வளையமாக இழுத்துவிட வேண்டும். அவள் முதல் தாளில் எழுதிய அதே எண்பது செண்டிமீட்டர் ஊசி. நான் வாயைத் திறந்தேன். மாமா கையை நீட்டித் தடுத்தார்.

"வேணாம் மாப்ளே. எனக்குத் தாள்ல இருக்கறதுதான் தெரியணும். நீ சொல்லி நான் போட்டா, அப்புறம் அது யார் போட்ட தொப்பி?" என்றார். பிறகு முதலாளியைப் பார்த்து, "பாதில நிக்கறத அச்சடிச்சா மறுபடியும் யாராவது பையத் தூக்கிட்டு வருவாங்க. அவ ஒத்துக்க மாட்டா" என்றார். முதலாளி தாளை அவரிடமே திருப்பிக் கொடுத்தார். காபியைக் குடித்துவிட்டு, போகும்போது வாசலில் நின்று, மதியம் இரண்டு மணிக்கு இப்போதும் போன் வருகிறது என்று மட்டும் சொன்னார்.

இன்று அந்த நோட்டை முழுக்கப் படித்தேன். முப்பத்தேழு கேள்விகள். எல்லாம் மாமாவின் பேச்சு அப்படியே, அவளுடைய சாய்ந்த எழுத்தில். முதல் முப்பத்தாறு கேள்விகளின் எதிரேயும் டிக் அடித்து, தாளில் எந்த வரியில் சேர்த்தாள் என்று எண் போட்டிருக்கிறாள். முப்பத்தேழாவதின் எதிரே வரி எண் மட்டும் இருக்கிறது, ஐம்பத்திரண்டு. தாளில் ஐம்பத்தொரு வரிகள்தான் உள்ளன. தொப்பி சாப்பாட்டு மேசையில், வாஷர் மாட்டிய நாற்பது செண்டிமீட்டர் ஊசியில், ஐம்பத்தாறு கண்ணிகளோடு இருக்கிறது.